தலைவர் கால் தூக்கினால்

தலைவர் குப்புராஜ் தம் வாழ்நாளில் கால்பந்து மைதானத்தில் செலவிட்ட நேரம் மொத்தம் பதினோரு விநாடி. அதில் பதினோரு கோல். அகில உலகிலும் இப்படியொரு ஆட்டக்காரர் பிறக்கவில்லை. தருமபுரி மாவட்டம் செய்த பாக்கியம் அது.

சுற்றுவட்டாரத்தில் எந்தப் போட்டி நடந்தாலும் 'பந்தை உதைத்துத் தொடங்கி வைப்பவர்' அவர்தான். கோல் கம்பத்துக்கு நேரே பந்தை வைப்பார்கள். தலைவர் செருப்புக் காலைத் தூக்குவார். அடுத்த கணம் பந்து வலைக்குள் கிடக்கும். பொம்மிடியிலும் பாலக்கோட்டிலும் இதை நேரில் கண்ட பிள்ளைகள் இன்னும் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இச்சாதனையில் ஜேக்கப்புக்கும் சிறு பங்கு உண்டு. தலைவரின் வேட்டி காலில் சிக்காதபடி, பின்னால் ஒட்டி நின்று அகலமாக விரித்துப் பிடிப்பது அவன் பொறுப்பு. வேட்டி பிடிப்பவனுக்கு எதற்குக் கால்பந்து ஷூ என்று எவரும் கேட்டதில்லை. பெரிய மனிதர் பக்கத்தில் நிற்பவன் முறையாக உடுத்த வேண்டாமா?

ஊதியம் கிடையாது. தலைவரின் பள்ளியில் விளையாட்டு வாத்தியார் வேலை தருவதாக வாக்கு மட்டும் உண்டு. அதை நம்பி, அவனைக் கட்டிக்கொள்ள ஜெனிஷா காத்திருந்தாள். அவள் அம்மா மிக்கேலம்மாள் காத்திருக்கவில்லை.

"வேட்டி புடிக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமா தம்பி? ஆர்டர கையில வாங்கிட்டு எங்கூட்டுக்கு வாங்க, பேசலாம்."

பன்னிரண்டாம் உதைக்குப் பாப்பிரெட்டிப்பட்டியே திரண்டது. உதை முடிந்ததும் மேடையில் ஜேக்கப்புக்குப் பணி ஆணை. முன்வரிசையில் ஜெனிஷாவும் அம்மாவும். தலைவரின் சட்டையில் காலர் மைக்; தலைக்கு மேல் ட்ரோன்.

"லைவ் போவுதுங்க தலைவரே," என்றான் கேமராக்காரன் குரு. "பின்னால நிக்கற அண்ணன் ஃப்ரேம்ல வர்றாருங்க."

"டேய், தள்ளி நில்லுடா."

ஜேக்கப் வேட்டியை விடவில்லை. "ஐயா, வேட்டி..."

"நானே புடிச்சுக்கறன், போடா."

"நான் பக்கத்துல இல்லாட்டி சரியா வராதுங்கய்யா."

"பதினோரு கோல் போட்டவனுக்கு நீ சொல்லித் தர்றியா? ஆர்டர் வேணுமா, வேணாமா?"

ஜேக்கப் தள்ளிப் போனான். கார்னர் கொடி வரைக்கும் போனான்.

தலைவர் ஒரு கையால் வேட்டியைப் பிடித்தார், மறு கையால் ட்ரோனைக் கும்பிட்டார், காலைத் தூக்கினார்.

செருப்பு பறந்துபோய் வலைக்குள் விழுந்தது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. நடுவர் மாது பழக்க தோஷத்தில் கோலுக்கு விசில் ஊதிவிட்டார். மேளக்காரர்கள் நாலு அடி அடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள்.

தலைவர் ஒற்றைச் செருப்போடு திரும்பினார். காலர் மைக் உயிரோடு இருந்தது. ஒலிபெருக்கிகள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கட்டியிருந்தார்கள்.

"ஏன்டா ஜேக்கப்! பதினோரு தடவையும் நீதானடா ஒதைச்ச? இன்னிக்கு மட்டும் ஒதைக்காம அங்க நின்னு என்னத்தடா வேடிக்க பாக்கற?"