பூமியின் ஓட்டத்தைக் கழித்தது யார்?

அன்புள்ள குன்வோர் அத்தைக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள், முக்கியமாக அப்பாவிடம். நலமா என்று கேட்க வேண்டியதில்லை. மாடி அறையில் நீங்கள் விடும் குறட்டை இங்கே கேட்கிறது. எழுதி முடித்ததும் உங்கள் கதவிடுக்கில் தள்ளிவிடுவேன்.

நாளைக் காலை லுண்ட் பல்கலைக்கழக அரங்கில் நீங்கள் பேசக் கூடாது. நீங்கள் ஆராயும் குறு விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள நட்சத்திரங்களுக்கு ஒரு வேகம், ஓரத்தில் உள்ளவற்றுக்கு வேறு வேகம், ஆகவே அது இன்னொரு மண்டலத்தை விழுங்கியிருக்கிறது என்று சொல்லப்போகிறீர்களே, அது தப்பு. என்னால் வந்த தப்பு.

ஆகஸ்ட் இறால் விருந்தில், இந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று சண்டை போட்டதிலிருந்து நீங்களும் அப்பாவும் என் வழியாகத்தான் பேசுகிறீர்கள். அவர் "மகாராணிகிட்ட சொல்லு" என்பார், நீங்கள் "அந்தத் தடிமாட்டுகிட்ட சொல்லு" என்பீர்கள், நான் திட்டை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்வேன். சில நாள் மிச்சமே இருக்காது; "அப்பா விசாரிச்சார்" என்று சொல்லிவிடுவேன். நீங்கள் லேசாகச் சிரிப்பீர்கள். அது எனக்குப் பிடிக்கும். இன்று நீங்கள் பட்டாணி சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனதும் அப்பா கேட்டார், "ஆமா, பூமி ஓட்டத்தைக் கழிச்சுட்டாளாமா?" "எந்த ஓட்டம்?" என்றேன். "போன மாசமே சொன்னேனே! 'பூமி சூரியனைச் சுத்துதுன்னு மகாராணிக்கு ஞாபகப்படுத்து, அதைக் கழிக்கச் சொல்லு'ன்னு!" அத்தை, நான் அதைத் திட்டு என்றே நினைத்தேன். பூமி சுற்றுவது உங்களுக்குத் தெரியாதா என்ன? எடுத்துவிட்டேன். அதைச் சொன்னதும் அப்பாவின் கரண்டி சூப்பிலேயே நின்றுவிட்டது. நடு நட்சத்திரங்களின் வேகத்தைக் காட்டும் நிறமாலையை வசந்தத்தில் எடுத்தீர்களாம், ஓரத்து நட்சத்திரங்களுடையதை இலையுதிர் காலத்தில். அப்போது பூமி அந்த மண்டலத்தை நோக்கிப் போனது, இப்போது அதைவிட்டு விலகி வருகிறது. ஆக வேகம் மாறியது நட்சத்திரத்துக்கு இல்லை, நமக்குத்தானாம். "ஆனா ஓரத்து நட்சத்திரங்கள்ல இரும்பு கம்மி, அது வேற குடும்பம்னு சொன்னீங்களேப்பா?" என்றேன். "இரும்பை விடு, வேகமே போச்சு. நாளைக்கு அத்தனை பேரும் சிரிப்பாங்க. என் அக்காடி அவ. அவகிட்ட மூச்சு விடாதே." ஆகஸ்டுக்குப் பிறகு இன்றுதான் அவர் அக்கா என்றார். சூப்பை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனவர் இன்னும் வெளியே வரவில்லை.

என்னை மன்னித்துவிடுங்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். பேச்சு முடிந்ததும் வெட்ட வாங்கி வைத்த கேக்கை நாம் மூன்று பேரும் சாப்பிட்டுவிடலாம்.

உங்கள் தொலைநோக்கியின் மேல் என்றும் மேகம் கவியாதிருக்க வேண்டும்,
ஆல்வா

பி.கு.: அத்தை, இப்போதுதான் ஞாபகம் வருகிறது! போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள், "அந்தத் தடிமாட்டுகிட்ட சொல்லு, பூமி ஓட்டத்தை நானே கழிச்சாச்சு, மறுபடி கை வெச்சுக் கெடுக்க வேணாம்" என்றீர்கள். அதையும் திட்டு என்று எடுத்துவிட்டேன். அப்படியென்றால் எல்லாம் சரி! விழுங்கியது உண்மை! மேலே எழுதியதை மறந்துவிட்டு நன்றாகப் பேசுங்கள். ஆனால் அப்பா இவ்வளவு நேரமாக அங்கே என்ன

கதவைத் தட்டுகிறார். "ஆல்வா, தூங்கிட்டியா? அக்கா நாளைக்குக் காட்டப்போற கணக்குல பூமி ஓட்டத்தை நானே கழிச்சுட்டேன்டி. அவளுக்குத் தெரியவே வேணாம்."

அத்தை, எழுந்திருங்கள்