ஐந்து மாட்சும் அருள்மலரின் சீட்டும்

அந்தத் திங்கட்கிழமை சவிரிமுத்தர் ஒரு பெரிய முடிவெடுத்தார். இனி உழைத்துப் பணக்காரன் ஆவதில்லை. இருபத்திரண்டு வருசமாக உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிப் பார்த்தாயிற்று. கோப்பைகள்தான் பளபளத்தன. இனிக் கணக்குப் போட்டுப் பணக்காரன் ஆவது.

ஆசையும் பெரிதில்லை. ஒரு கதிரை. நாம் சாய்ந்தால் தானும் சாய்ந்து, காலையும் தூக்கி வைத்துக்கொள்ளும் கதிரை. ஒன்பது மணித்தியாலம் நின்று வீங்கிய கால்களுக்கு அதைவிட வேறென்ன மோட்சம்? விலை ஐந்நூறு யூரோ. கடைக் கண்ணாடிக்குள் அதைக் காணும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு இளகிவிடும். மனைவி அருள்மலருக்கோ வேறு கனவு. கையில் காசு சேர்ந்தால் ஆவணியில் இரண்டு பேருமாக லூர்து மாதாவிடம் போகவேண்டும். ஐம்பது பேர் ஒரே பஸ்ஸில் பத்து மணித்தியாலம் செபமாலை சொல்லிக்கொண்டு போகும் யாத்திரை அது. சவிரிமுத்தருக்கு மாதாவில் பக்தி உண்டு. பஸ்ஸில்தான் இல்லை.

கணக்கைச் சொல்லிக்கொடுத்தவன் கூட வேலை செய்யும் றொமேஷ். ஐந்து உதைபந்தாட்டத்தை ஒரே பந்தயமாகக் கட்டுவது. 'கொம்பினே' என்று பெயர். ஆனால் இணையத்தில் கணக்குத் திறக்க அடையாள அட்டை கேட்கிறார்கள். சவிரிமுத்தரின் அட்டை புதுப்பிக்கப் போய் நாலு மாதமாகப் பிரெஃபெக்சர் கந்தோரில் தூங்குகிறது. சிகரெட்டும் பந்தயச் சீட்டும் விற்கும் தபாக் கடையில் நேரே கட்டலாம்தான். ஆனால் லா சப்பலில் ஒரு தமிழன் தபாவுக்குள் நுழைந்தால், அவன் வெளியே வருமுன் செய்தி பக்கத்து ரூ காய் தெருவுக்குப் போய்விடும். அங்கேதான் அருள்மலர் மளிகைக் கடையில் காசு வாங்குகிறார். எனவே நேரடியாக அவரிடமே கேட்பது என்று துணிந்தார்.

"இஞ்சரும், ஒரு இருபது யூரோ தாரும். உம்மடை பேரிலை ஒரு கணக்கும் திறக்கவேணும்."

"ஏன், என்ரை பேரிலை கொலை ஏதும் செய்யப்போறியளோ?"

"விளையாடாதையும். இது படிப்பு. கேளும்."

அருள்மலர் உரிக்க வைத்திருந்த வெங்காயத்தில் ஐந்தை எடுத்துச் சவிரிமுத்தர் மேசையில் வரிசையாக அடுக்கினார்.

"இது முதல் மாட்ச். கோத் ரெண்டு. அதாவது வெண்டால் போட்ட காசு ரெண்டு மடங்காய் வரும். எங்கடை இருபது நாப்பதாகும். அந்த நாப்பதை அப்பிடியே தூக்கி ரெண்டாவதிலை வைக்கிறம். அதின்ரை கோத் ஒண்டரை. எவ்வளவு?"

"அறுபது."

"மூண்டாவது திரும்ப ரெண்டு. நூற்றிருபது. நாலாவது ஒண்டரை. நூற்றெண்பது. அஞ்சாவது இத்தாலியிலை, ஞாயிற்றுக்கிழமை. கோத் மூண்டு. ஐந்நூற்றி நாப்பது."

"அஞ்சையும் தனித்தனியாய், நாலு நாலு யூரோ வைச்சால்?"

"அஞ்சும் வெண்டாலும் நாப்பதுதான் வரும். அது கூட்டல். இது பெருக்கல். உமக்கு இப்ப விளங்குதே?"

"விளங்குது. ஒரு வெங்காயம் அழுகினால்?"

"அழுகாது."

"அழுகினால்?"

சவிரிமுத்தர் கடைசி வெங்காயத்தை வரிசைக்கு நேராக்கி வைத்தார். "எல்லாம் போயிடும்."

"மற்ற நாலும் வெண்டாலும்?"

"ஓம். ஆனால் ஒவ்வொண்டும் நிச்சயமான மாட்ச். தனித்தனியாய்ப் பாத்தால் ஒண்டும் பிழைக்கிற மாதிரி இல்லை."

அருள்மலர் ஐந்து வெங்காயத்தையும் உரித்து முடித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைத்தொலைபேசியில் கணக்கைத் திறந்து, பந்தயத்தைப் பதிந்தார். பதியுமுன் எல்லாவற்றையும் நிதானமாக வாசித்தார். சவிரிமுத்தர் கோத்தை மட்டும் வாசித்தவர். அருள்மலர் நாள், நேரம் எல்லாம் வாசித்தார்.

"இப்ப நானும் ஒரு கொம்பினே போடுறன்" என்று கடைப் பற்றுச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். "என்ரை கொம்பினே உங்களிலை. இந்தக் கிழமை அஞ்சு சின்ன வேலை. அஞ்சும் சரியெண்டால் வெல்லுற காசு உங்கடை கதிரைக்கு. ஒண்டு பிழைச்சால் லூர்துக்கு."

சவிரிமுத்தர் சீட்டை வாங்கிப் பார்த்தார். திரான்சியில் இருக்கும் மைத்துனன் கிங்ஸ்டனுக்குப் போன் எடுத்துக் கதைப்பது. குசினிக் குழாயின் ஒழுக்கு. இருபது கிலோ அரிசி மூட்டையை லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடிக்குத் தூக்குவது. ஒரு கிழமைத் துணி அயர்ன் பண்ணுவது. கடைசியாக, ஞாயிறு தமிழ்ப் பூசை முடியும்வரை போனைக் கையில் எடுக்காமலிருப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கோத்கூடப் போட்டிருந்தார். கிங்ஸ்டனுக்கு நாலு. போனுக்கு ஒன்று தசம் ஒன்று.

"கடைசிக்கு அதுவே கூட" என்று சிரித்தார் சவிரிமுத்தர். "ஒரு மனுசன் போனைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிருக்கமாட்டானே?"

செவ்வாய்க்கிழமை கிங்ஸ்டன். பிறந்தநாள் விழாவில் கடைசி மேசையில் இருத்தினான் என்று இரண்டு வருசமாகப் பேசாத மனிதர், "தம்பி, எப்பிடிச் சுகம்?" என்றார். மறுமுனையில் கிங்ஸ்டன் ஆருக்கும் வருத்தமோ என்று பதறிப்போனான். அன்றே முதல் மாட்ச் வென்றது. புதனன்று குழாய் அடங்கியது, இரண்டாவதும் வென்றது. வியாழன் அரிசி மூட்டை. மூன்றாம் மாடியில் இளைத்து நின்றவரை அந்தக் கதிரைதான் மேலே இழுத்துப்போனது. வெள்ளி துணியும் மூன்றாவது வெற்றியும், சனி நாலாவது வெற்றி. பெருக்கல் நூற்றெண்பதில் நின்றது. சவிரிமுத்தர் இருப்பறையில் கதிரைக்கு இடம் அளந்து, சுண்ணக்கட்டியால் கோடும் போட்டார். தனக்கு மூளை இருக்கிறது என்பதில் அவருக்கு இப்போது துளிச் சந்தேகமும் இல்லை.

அன்றிரவுதான் நேரத்தைப் பார்த்தார். மாட்ச் ஐந்து மணிக்கு. பூசை ஐந்தரைக்கு.

"நீர் இதை முதலே கண்டனீரோ?"

"திங்கட்கிழமையே கண்டனான். அது சின்ன விசயம்தானே. ஒண்டு தசம் ஒண்டு."

ஞாயிறு கோவிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். சாமியாரின் பிரசங்கம் இத்தாலி மாட்சின் இரண்டாம் பாதியில் பாதியை விழுங்கியது. சவிரிமுத்தர் கைகளைக் கூப்பி வைத்திருந்தார். கூப்பாவிட்டால் அவை தாமாகப் பொக்கற்றுக்குப் போய்விடும் என்று பயம். விசுவாசப் பிரமாணத்தின்போது போன் ஒருமுறை அதிர்ந்தது. பல்லைக் கடித்தார். காணிக்கைப் பாட்டில் மறுபடியும் அதிர்ந்தது. வேர்த்தது. கோல் போட்டது ஆர்? நாங்களோ, அவங்களோ?

ஏழு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மாட்ச் முடிந்திருக்கும். மூன்றாம் முறை அதிர்ந்தது.

இடப்பக்கம் பார்த்தார். அருள்மலர் முக்காட்டோடு, குனிந்த தலையோடு, பார்க்கப் பார்க்கப் பரிசுத்தமாக இருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சவிரிமுத்தர் பாட்டுப் புத்தகத்தை விரித்து, அதன் மறைவில் போனைப் பாதி மட்டும் வெளியே இழுத்தார். பாதி போதும், ஒரு வரி வாசிக்க.

மூன்று செய்திகளும் அருள்மலரிடமிருந்துதான். கடைசிச் செய்தி திரையில் நின்றது:

"மாட்ச் வெண்டாச்சு, ஐந்நூற்றி நாப்பதும் வந்திட்டுது. லூர்துக்கு ரெண்டு சீற் சொல்லிப்போட்டன். போனை உள்ளை வைச்சிட்டு நற்கருணை வாங்க எழும்புங்கோ, வரிசை உங்களாலை நிக்குது."