ஏழு வேலை நாள் அவகாசம்

இனிமேல் என் மனைவியிடம் "இதோ பண்றேன்" என்று சொல்வதில்லை என ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானம் செய்தேன். உடனே நான் திருந்திவிட்டேன் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். ஒரு வேலையைச் செய்யாமல் இருப்பதற்கு அதைவிடக் கௌரவமான வழி ஒன்று எனக்குத் தோன்றிவிட்டது.

நான் ஒரு கம்பெனியில் ஒப்பந்தம் எழுதுகிறவன். முதல் பக்கத்தில் 'இன்ன சொல்லுக்கு இன்ன பொருள்' என்று நீளமாக வருமே, யாரும் படிக்காத பகுதி, அது என் சாம்ராஜ்யம். அதிலும் கால அவகாசம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சரக்கு வந்து இறங்கிய அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிட முடியுமா? வட்டி ஏறிய அந்த நிமிடமே கடன் வாங்கியவர் தலையில் ஏற்றிவிட முடியுமா? நடுவில் ஓர் அவகாசம் வேண்டும். அது எப்போது தொடங்கும், எந்த நாள் கணக்கில் சேரும், எது சேராது என்று நான் எழுதி வைத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிப்பார்.

"நாளைக்குத் தர வேண்டியதை என்னைக்குமே தர வேண்டாம்னு எழுதறதுக்கு உங்களை விட்டா ஆள் இல்ல சார்" என்று எங்கள் மேனேஜரே சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் 'அப்புறம்', 'நாளைக்கு' என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தால் தொழிலுக்கு அவமானமில்லையா?

சண்டை எங்கள் வீட்டுக் கடைசி அறைக்காக. அது என் அறை. அங்கே என் சாய்வு நாற்காலி இருக்கிறது. சுற்றாத மின்விசிறிகள் இரண்டும், ரிப்பேர் பண்ணுவதற்காக நான் பிரித்துப்போட்ட ரேடியோவும் இருக்கின்றன. ஞாயிறு மதியம் நான் அங்கே போய்க் கண்ணை மூடினால் மூடியதுதான். என் மனைவி துணி தைக்கிறவள். அவளுடைய தையல் மெஷின் நடைவழியில் கிடந்தது. குளிக்கப் போகிறவர்கள் உடம்பை ஒருக்களித்துக்கொண்டுதான் போக வேண்டும். எனக்கு இருக்கும் தொப்பைக்கு ஒருக்களித்தாலும் பிரயோஜனமில்லை.

"என்னங்க, ஸ்கூல் சட்டை ஆர்டர் மொத்தமா வந்திருக்கு. அந்த ரூமை ஒழிச்சுக் குடுங்க. மெஷினை அங்க போடணும்."

"குடுத்துடலாம். ஆனா முறைப்படி."

"முறைப்படின்னா?"

"ஒப்பந்தம் போட்டுக்கலாம். யார் யாரை எதைக் கேட்டாலும், கேட்டதுக்கும் நடக்கறதுக்கும் நடுவுல ஏழு வேலை நாள் அவகாசம்."

"ஏழே நாளா? அந்த ஃபேனை ரிப்பேர் பண்றேன்னு சொல்லிச் சொல்லி நம்ம பொண்ணு படிச்சு முடிச்சுக் கல்யாணமும் ஆயிடுச்சு!"

"அதான் எழுத்துல குடுக்கறேங்கறேன்."

"ஏழு நாள்ல நீங்க வாயே திறக்கலைன்னா?"

"அதுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் சொல்லலைன்னா சம்மதம்னு அர்த்தம். கேட்டவங்களே செஞ்சுக்கலாம். எங்க ஆபீஸ்ல எல்லா ஒப்பந்தத்துலயும் இப்படித்தான்."

இவ்வளவு தாராளமாக அள்ளிக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. என் துருப்புச்சீட்டு இன்னும் கையிலேயே இருந்தது.

"சரி, வேலை நாள்னா என்ன?" என்று கேட்டாள்.

இதற்காகத்தானே காத்திருந்தேன்! "இந்த வீட்டுல வேலை நடக்கிற நாள்" என்றேன், முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்த வீட்டுல வேலை நடக்கிற நாள். அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்."

"எழுதுங்க."

என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது. நான் வேலை செய்வது ஆபீசில். வீட்டில் ஓய்வுதான் எடுக்கிறேன். ஆகவே இந்த வீட்டில் வேலை நாள் என்று ஒன்று பிறக்கப் போவதே இல்லை. பிறக்காத நாள் எப்படி ஏழாகும்? அளவு கொடுக்க வந்திருந்த மேல்மாடி டீச்சரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டு, "சார், நல்லா யோசிச்சுத்தான் எழுதியிருக்கீங்களா?" என்றார். புத்திசாலிகளைப் பார்த்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் வருவது சகஜம்தானே?

அந்த வாரம் முழுக்க விசிலடித்துக்கொண்டே ஆபீஸ் போய் வந்தேன். அறையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஏழு நாள் கழித்து ஒரு மாலை வீட்டுக்கு வந்தால், கடைசி அறையிலிருந்து கடகடவென்று மெஷின் சத்தம். என் சாய்வு நாற்காலி நடைவழியில் நின்றது. மின்விசிறிகளும் ரேடியோவும் பழைய சாமான் வாங்குகிறவரோடு போய்விட்டிருந்தன. உள்ளே என் மனைவி தைக்க, பக்கத்தில் டீச்சர் காலர் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கிரமம்! ஒரு வேலை நாள்கூட ஆகலையே!"

"ஏங்க ஆகலை?"

"இந்த வீட்டுல என்ன வேலை நடக்குது?"

மெஷின் நின்றது. டீச்சர் நிமிர்ந்தார். "சார், இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஆயிரம் தடவை சொல்வேன்! இந்த வீட்டுல வேலையே நடக்கலை!"

அப்போது நான் போட்டிருந்தது அவள் துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. கையில் இருந்தது எனக்காக அவள் போட்டு வைத்திருந்த காபி. கோபத்தில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் கண்ணில் படுமா?

"சரிங்க" என்றாள் சாதுவாக. "நீங்க ஒப்பந்தம் எழுதறவர். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." மெஷினை மூடினாள். நடைவழிக்கு வந்து என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு வாரப் பத்திரிகையைப் பிரித்தாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. சாப்பாடு வரவில்லை.

"சமைக்கலையா?"

"சமைக்கறது வேலைங்க. இந்த வீட்டுலதான் வேலை நடக்காதே."

நானா பணிவேன்? டப்பா டப்பாவாகத் திறந்து, கடைசியில் நமத்துப்போன பிஸ்கட்டைத் தின்று வீரமாகப் படுத்தேன். காலையில் நானே இஸ்திரி போட்டேன். காலர் கருகியது. 'காலர் கருகினால் என்ன, கழுத்து நிமிர்ந்திருக்கிறதே' என்று தேற்றிக்கொண்டு குளிக்கப் போனேன். தலையிலிருந்து கால் வரை சோப்புப் போட்டுக் குழாயைத் திருகினேன். அது 'புஸ்' என்றது.

"ஏம்மா! தண்ணி வரலை!"

"டேங்க் காலிங்க."

"மோட்டார் போடேன்!"

"தினமும் விடியக்காலைல எழுந்து மோட்டார் போடறது வேலையா, இல்லையா?"

குழாயை இன்னொரு முறை திருகிப் பார்த்தேன். மானஸ்தன். ஆனால் சோப்புக்கு மானம் கிடையாது, கண்ணுக்குள் இறங்கிவிட்டது.

"வேலைதான்! வேலைதான்! இந்த வீட்டுல வேலை நடக்குது!"

"எப்பலேருந்து?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து! ஐயோ, எரியுதும்மா!"

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னைக்குத்தான் ஜாஸ்தி நடக்குது!"

"அப்ப ஏழு நாள்?"

"எப்பவோ முடிஞ்சு போச்சு!"

"எழுத்துல வேணுமே?"

"கையெல்லாம் சோப்பும்மா!"

"பரவாயில்ல சார்" என்று, என் கூச்சல் கேட்டு மாடியிலிருந்து இறங்கியிருந்த டீச்சரின் குரல் வந்தது, "நான் சாட்சி இருக்கேன்." மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அதைப்போல இனிமையான சத்தத்தை என் வாழ்க்கையில் கேட்டதில்லை.

இத்தோடு நான் அடங்கிவிட்டேன் என்று நினைத்தால் என்னை உங்களுக்குத் தெரியாது. ஒப்பந்தம் இரு தரப்புக்கும் பொதுவானது அல்லவா? அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தேன்: 'ஞாயிறு மதியங்களில் என் நாற்காலியோடு கடைசி அறையில் உட்கார எனக்கு உரிமை வேண்டும்.' வாங்கிப் படித்தாள். பதிலுக்கு அவளும் ஏதோ எழுதி நீட்டினாள். அதை யார் படித்தார்கள்? என் கண்ணெல்லாம் அவள் ஆட்சேபிக்கிறாளா என்பதிலேயே இருந்தது. ஆட்சேபிக்கவில்லை. ஏழு வேலை நாளும் முடிந்தது. எல்லாமே வேலை நாள்தானே!

ஞாயிறு மதியம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, அந்த அறைக்குள் நுழைந்தேன். சாய்ந்தேன். கண்ணை மூடினேன்.

மடியில் ஏதோ பொத்தென்று விழுந்தது. மோவாய் உயரத்துக்கு ஸ்கூல் சட்டைகள்.

"என்னம்மா இது?"

"பட்டன் தைச்சுத் தரணும்னு அன்னைக்கே எழுதிக் குடுத்தேனேங்க? நீங்க ஆட்சேபம் சொல்லலையே?"

கடைசி அறையில் உட்காரும் உரிமையை இன்றுவரை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பட்டன் தைத்து முடிக்கும்வரை என்னை யாரும் வெளியே விடுவதாகவும் இல்லை.