ஒளியய்யாவின் ஒரு சொட்டு

சனிக்கிழமை ஆனால் போதும், அந்த வாடகை மண்டபத்தில் எள் போட்டால் விழாது. மேடையில் ஒளியய்யா. கண்ணில் ஒரு சொட்டு 'ஒளிநீர்' விடுவார், அட்டை ஒன்றை நீட்டுவார், "படி!" என்பார். வந்தவர் பொடி எழுத்தைக் கடகடவென்று படித்ததும் கைதட்டலில் கூரை அதிரும். சொட்டு விடுவதற்கு முன்னால் படிக்கச் சொன்னால் என்ன என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றிவிட்டால் அப்புறம் எப்படி பக்தராக இருப்பது?

பஸ் டிரைவர் ஒருவரும் ஆறு மாதமாக அங்கே ஆஜர். பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடியை மூன்று தரம் உடைத்துவிட்டார். போன வாரம் சைக்கிளில் வந்த பெண் மயிரிழையில் தப்பினாள். ஆனாலும் அவருக்குக் கவலையில்லை. அட்டையைத்தான் படித்துவிடுகிறாரே!

கவலையெல்லாம் சலூன் வைத்திருக்கும் அவருடைய மைத்துனருக்குத்தான். ஒளியய்யாவுக்கு தினமும் சவரம் செய்பவரும் அவரே. பக்கவாட்டில் கத்தரி வந்தால் யாருக்கும் இமை துடிக்கும். முடி வெட்டிக்கொள்ள வந்த டிரைவர் மாமாவுக்குத் துடிக்கவில்லை. அதனால் இந்தச் சனிக்கிழமை அவரும் கூடவே வந்தார்.

"ஐயா, சொட்டு விடறதுக்கு முன்னாடி அட்டையைக் குடுங்க."

"நம்பிக்கை இல்லாதவன் வெளியே போ!"

மைத்துனர் அட்டையைப் பிடுங்கி நீட்டினார். டிரைவர் கடைசி வரிவரை படித்தார். கைதட்ட ஆளில்லை.

"இப்ப என் மூக்கையே பாருங்க மாமா. சீப்பு தெரிஞ்சதும் சொல்லுங்க."

டிரைவரின் இடது காதருகிலிருந்து சீப்பு மெல்ல முன்னால் வந்தது. கன்னத்தைத் தாண்டியது. கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்பப்பா ஆரம்பிப்பே?" என்றார் டிரைவர்.

மைத்துனர் சீப்பைத் தாழ்த்தினார். "இது கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுற நோயா இருக்கும் மாமா. கிளாக்கோமான்னு பேரு. ஓரத்துப் பார்வையைத்தான் முதல்ல தின்னும்."

"உனக்கு யாருடா சொன்னது?"

"ஐயாதான்! என் நாற்காலியில உக்காந்து, காலையில மணி பாத்து சொட்டு விட்டுக்கறாரே!"

ஒளியய்யாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. டிரைவர் அந்தக் கையை விலக்கி, மடியில் செருகியிருந்த மருந்துக் குப்பியை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த மருந்துக்கடைச் சீட்டில் ஐயாவின் பெயர் இருந்தது. கீழே, 'கண் அழுத்தத்துக்கு, தினம் இருவேளை.'

திங்களன்று கண் டாக்டரம்மா சொன்னார்: "போன பார்வை திரும்பாதுங்க. இருக்கறதைக் காப்பாத்தலாம். வலிக்காது, சிவக்காது, அதனாலதான் ஒண்ணும் இல்லாதப்பவே வந்து சோதிக்கச் சொல்றோம். ஆறு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

அன்றிலிருந்து டிரைவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

ஒளியய்யாவின் பார்வை பத்திரமாக இருக்கிறது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், மற்றவர்கள் அவரிடம் போனார்கள். அந்த மண்டபத்தில் பகுத்தறிவோடு நடந்துகொண்டவர் யார் என்று நீங்களே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.