எங்கள் ஹாலில் உப்பு விளைந்த கதை

மனிதன் அதிகம் ஏமாறுவது தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில்தான். எனக்குத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தன் கல்யாணத்துக்குச் சொந்தக் கடையிலேயே பட்டு எடுத்தார். முகூர்த்தத்தின்போது சாயம் இறங்கி, மணப்பெண் முழங்கை வரை பச்சையாக நின்றதை நானே பார்த்தேன். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதற்கான தண்டனை என் வீட்டு ஹாலில் காத்திருந்தது.

எங்கள் தொழில் உப்பு. திருவனந்தபுரத்தின் பெரிய சந்தையான சாலைக் கம்போளத்தில் அப்பாவுக்கு மொத்தக் கடை. தூத்துக்குடியிலிருந்து லாரியில் கல்லுப்பு வந்து இறங்கும். திருவனந்தபுரத்தில் பாதி மீன்கறி நம் உப்பில்தான் வேகிறது என்று அப்பா சொல்லிக்கொள்வார். (மீதிப் பாதி எதில் வேகிறது என்று ஒருமுறை கேட்டேன். மறுமுறை கேட்கவில்லை.) தொண்ணூறுகளின் கடைசியில், பட்டம் வாங்கி, கல்யாணமும் ஆகி, நான் அந்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வெடிக்கும். சட்டைக் காலர் வெள்ளை பூக்கும். கால்குலேட்டர் வாங்கினால் அதன் பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். எப்படியாவது இதிலிருந்து தப்பிக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

வழி தம்பானூரில் கிடைத்தது. உப்பு விஷயமாகப் போன ஒரு ஹோட்டலின் வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டிக்குள் கடல் இருந்தது. கல்லில் பூப்போல ஏதோ விரிந்து விரிந்து சுருங்கியது. அதற்குள் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒன்று, சொந்த வீட்டில் நுழைவதுபோல் நுழைந்து நுழைந்து வந்தது. போன காரியத்தை மறந்துவிட்டு அப்படியே நின்றேன். எங்கள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை சும்மா கிடந்தது. அங்கே கடல்மீன் தொட்டிக் கடை போட்டால் என்ன?

அப்பாவிடம் கேட்டேன்.

"மீனா? சாலையில மீன் விக்க ஆளில்லன்னு யாருல சொன்னா?"

"திங்கிற மீன் இல்லப்பா. பாக்குற மீன்."

கடையில் நின்ற ஆளுக்கு அப்பா உப்பை நிறுத்துப் போட்டார். ஆள் போனதும் சொன்னார்: "சரி, ஒன் வீட்ல ஒண்ணு வச்சுக் காட்டு. மழை தொடங்குத வரைக்கும் அதுல ஒரு உசுராவது கெடந்துதுன்னா ரூமு ஒனக்கு. செத்துதுன்னா, பேசாம வந்து மூட்டைய எண்ணு."

அப்போது மாசி மாதம். மழைக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. ஆனாலும் அந்த அறைக்கு அன்றே மனதிற்குள் பெயிண்ட் அடித்து முடித்தேன்.

மணக்காட்டில் ஒரு வீட்டின் மாடியில் நானும் என் மனைவி ஜெயாவும் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் மாதவன் சார், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். ஹாலில் ஒரு ஸ்டாண்ட் அடித்து, நீலப் பெயிண்ட் பூசி, அதன்மேல் கண்ணாடித் தொட்டியை ஏற்றினேன். (இரும்பு ஸ்டாண்ட். தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.) ஷாஜி என்ற ஆட்டோக்காரரைப் பிடித்து, சங்குமுகம் கடலிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்தேன். விழிஞ்ஞத்தில் வலையோடு வந்த உயிருள்ள கற்கள் கிடைத்தன. பஞ்சும் பாசியும் புழுக்குழல்களும் ஒட்டிய கற்கள். அவற்றோடு, ஹோட்டலில் பூப்போல விரிந்த அதே உயிர், தட்டு அகலத்தில் ஒரு கடல்சாமந்தியும் இரண்டு ஆரஞ்சு மீன்களும் வந்தன.

ஜெயா முதல்நாள் மூக்கைப் பொத்தினாள். ஒரு வாரத்தில் மீன்களுக்கு லட்டு, பூந்தி என்று பெயர் வைத்துவிட்டாள். என்னோடு தமிழ் பேசுபவள் அவற்றோடு மலையாளம் பேசினாள்.

"மீனுக்கு என்ன பாஷை தெரியும்னு நெனச்ச?"

"இவிடத்த மீனல்லே? பின்ன தமிழா பேசும்?" என்றாள்.

அந்த முதல் மாதம் மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. சாயங்காலம் கரண்டு போகும் அரைமணி நேரம் மட்டும்தான் பாடு. காற்றுக் குமிழி நின்றுவிடுமே என்று நானும் ஜெயாவும் மாறி மாறி சைக்கிள் பம்ப் அடிப்போம். இளம் தம்பதியின் வீட்டில் இருட்டில் அப்படி என்ன சத்தம் என்று டீச்சர் என்ன நினைத்தாரோ, கொஞ்ச நாள் எங்களை நேராகப் பார்க்கவில்லை.

பிறகு கோடை வந்தது. மாடி வீடு, மேலே வெறும் காங்கிரீட். தொட்டியில் தண்ணீர் தினமும் இறங்கியது. இறங்கும்போதெல்லாம் கடல்தண்ணீர் ஊற்றி நிரப்பினேன். ஒருநாள் ஷாஜி கைகூப்பினார்.

"அண்ணாச்சி, ஷமிக்கணும். வண்டி முழுக்க துரு. பின்னால உக்காந்த ஆளுக்கு ரோடு தெரியுது."

வேறு யாராவது இருந்தால் அப்போதாவது யோசித்திருப்பார்கள். நான் மூட்டைகளைப் பார்த்தேன். கடல் என்பது என்ன? தண்ணீரும் உப்பும். உப்பு யாரிடம் இருக்கிறது? அன்றிலிருந்து வாளித் தண்ணீரில் எங்கள் கடைக் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். உப்பின் அளவு பார்க்க ஒரு கண்ணாடிக் குழல் விற்கிறது, வாங்கிக்கொள் என்று ஒரு நண்பன் சொன்னான். நான் நாக்கை நீட்டிக் காட்டினேன். பரம்பரை நாக்கு. தினமும் காலையில் விரலை விட்டு நக்கிப் பார்ப்பேன், சரியாக இருக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் எந்த நாக்குக்குத் தெரியும்?

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அங்கேயேதான் கிடக்கும். குறைந்ததற்கு வெறும் நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும். உப்பளத்தில் ஓடி விளையாடும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எங்கள் வீட்டுச் சோறே இந்த ஒரு உண்மையில்தான் வெந்தது. அதே வீட்டுப் பிள்ளையான நான் கோடை முழுக்க உப்பின்மேல் உப்பை ஊற்றினேன்.

கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தது. வயரில் படிந்தது. ஸ்டாண்டின் காலிலும் படிந்தது. "கடலோட வாசன" என்று பெருமையாகத் துடைத்தேன். கல்லிலிருந்த பஞ்சு வெளுத்தது. குழலுக்குள் போன புழுக்கள் திரும்ப வெளியே வரவில்லை. கடல்சாமந்தி நாளுக்கு நாள் சுருங்கி, ஒரு காலையில் கொழகொழவென்று கிடந்தது. அதை மக்கில் அள்ளி எடுத்தபோது ஜெயா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

"நீங்க என்னமோ தப்பா செய்யறீங்க," என்றாள் வெளியே வந்து.

"உப்பு கொறஞ்சிருக்கும்," என்றேன் நான்.

இன்னும் ஒரு பிடி போட்டேன்.

லட்டுவும் பூந்தியும் மட்டும் மிஞ்சின. நீந்துவதை விட்டுவிட்டு ஒரு மூலையில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தன. எனக்குத் தூக்கம் போயிற்று.  வானத்தைப் பார்த்து "மழையே, வந்துவிடு" என்று கெஞ்சினேன். மேகம் கூடத் தொடங்கிய வாரம் அப்பாவிடமிருந்து ஃபோன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறாராம். தொட்டியில் இருப்பது அசல் கடல்தண்ணீர் என்று அவரிடம் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

இங்கே மாதவன் சாரின் தண்ணீர் ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கோடையில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் அது ஒரு குழாய் வழியாகக் கொல்லைப்புறம் இறங்கும். சிக்கனம் கருதி எங்கள் பால்கனித் தண்ணீருக்கும் அதே குழாயைத்தான் அவர் வைத்திருந்தார். குழாயின் வாயில் துணி கட்டி, கீழே டிரம் வைத்திருப்பார். யார் முதலில் பார்த்தாலும் "வெள்ளம்!" என்று கூவ வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கண்ணாடியைத் துடைத்து, அப்பா உட்கார நாற்காலி போட்டு வைத்தேன். 'க்ரீச்' என்றது. திரும்பினேன். ஸ்டாண்டின் ஒரு கால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் கடையில் இரும்பு ஆணிகூட நிற்காது என்று தெரிந்தே வளர்ந்தவன் நான். தொட்டி நிதானமாகச் சாய்ந்து, என் கண்முன்னே பிளந்தது.

ஹால் முழுக்கத் தண்ணீர். கட்டிலுக்கு அடியில், டிவிக்கு அடியில், அங்கிருந்து பால்கனிக்கு. ஜெயா "லட்டூ!" என்று அலறிக்கொண்டு தரையில் விழுந்து தேடினாள். நான் பால்கனிக்கு ஓடிக் கீழே பார்த்துக் கத்தினேன்:

"சார்! வெள்ளம்! வெள்ளம் வருது!"

என் வாயிலிருந்து கிளம்பியது தமிழ் வெள்ளம். கீழே போய்ச் சேர்ந்தது மலையாள வெள்ளம்.

"எடீ, வெள்ளம் வந்நு!" மாதவன் சாரின் குரலில் அப்படி ஓர் ஆனந்தம். "பாத்ரம் எல்லாம் எடுக்கு! வேகம்!"

டிரம் நிறைந்தது. குடம் நிறைந்தது. அண்டா நிறைந்தது. "இல்ல சார், அது வந்து..." என்று நான் மேலிருந்து கையாட்டினேன். அவர் கீழிருந்து சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டினார். அந்த நேரம் பார்த்து வாசலில் அப்பா வந்து இறங்கினார். "வரணும், வரணும், நல்ல சமயத்தில வந்நு" என்று மாதவன் சார் அவரைப் பிடித்துத் தன் வராந்தாவில் உட்காரவைத்துவிட்டார். டீச்சர் புதிதாக வந்த தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு, பால் விடாத கட்டன்சாயா போட உள்ளே போனார்.

மேலே ஜெயாவின் கையில் இரண்டு மீன்களும் இருந்தன. பூந்தி அசையவில்லை. லட்டுவின் வாய் மட்டும் அசைந்தது. தூக்குவாளியில் போட்டோம். ஆனால் ஊற்றத் தண்ணீர்? வீட்டிலிருந்த கடல் முழுவதும் மாதவன் சாரின் அண்டாவில் இருந்தது.

வாளியோடு கீழே ஓடினேன். இடுப்புவரை நனைந்து, காலில் தொட்டி மணலோடு, அப்பா முன்னால் போய் நின்றேன்.

"சார், கொஞ்சம் வெள்ளம் தருவீங்களா?"

"அதினெந்தா தம்பீ, இஷ்டம்போல எடுத்தோ!" என்றார் மாதவன் சார் பெருந்தன்மையாக. டீச்சர் கொண்டுவந்து கொடுத்த சாயாவை ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. அப்படியே முற்றத்தில் துப்பினார். "அய்யோ! எந்தா இது?"

அப்பா துப்பவில்லை. ஒரு வாய் குடித்தார். வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். கடையில் புது லோடு வந்தால் செய்வதுபோல் இன்னொரு வாய் குடித்தார்.

"கடல்தண்ணின்னுல்லா சொன்ன? இது நம்ம கடை உப்புல்லா," என்றார்.

நான் அண்டாவிலிருந்து வாளிக்குள் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். அப்பா எழுந்து மாடிக்குப் போனார். உடைந்த கண்ணாடியையும் ஸ்டாண்டையும் சுற்றி வந்தார். விளிம்பில் படிந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"ஏலே, நீ மீன் வளக்கல. உப்பு வெளைய வச்சிருக்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அதை ஒரு வியாபாரியாக, கொஞ்சம் மரியாதையோடுகூடச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமான ஆம்பிளை, கையில் தூக்குவாளியோடு, ஹால் நடுவில் நின்று அழுதேன்.

"கடலுக்குக் கொண்டுபோவோம்ப்பா. ஒண்ணு உசுரோட இருக்கு," என்றேன்.

ஷாஜியின் ஆட்டோவில் போனோம். தண்ணீர் சிந்தாமல் இருக்க அப்பா தூக்குவாளியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வழி முழுக்க மூடியைத் திறந்து திறந்து பார்த்தார். சங்குமுகத்தில் அலைக்குள் இறங்கி நின்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கடலை வாளிக்குள் விட்டு, பிறகு சாய்த்தேன். லட்டு போனதா, அலை கொண்டுபோனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜெயாவிடம் நீந்திப் போனது என்றுதான் சொன்னேன்.

அப்பா வேட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். குனிந்து, விரலைக் கடலில் நனைத்து, நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னல இது, சப்புன்னு கெடக்கு?"

ஆட்டோவில் திரும்பும்போது முதல் மழைத்தூறல் விழுந்தது. "நாளைக்குத் தூத்துக்குடி லோடு வருது. மாடி ரூமுல எறக்கிரு," என்றார் அப்பா. இறக்கினேன். இன்றைக்கும் அந்த அறையில் உப்பு மூட்டைதான் இருக்கிறது. இப்போது அப்பாவின் நாற்காலியில் நான் இருக்கிறேன்.

மற்ற வீடுகளில் குழம்பில் உப்பு கூடினால் கடல்தண்ணி மாதிரி இருக்கிறது என்பார்கள். எங்கள் வீட்டில் உப்பு குறைந்தால்தான் அப்படிச் சொல்வோம். புதிதாக வந்த மருமகள் முதல்நாள் ரசம் வைத்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஜெயா, "கடல் மாதிரி இருக்கே மோளே" என்றாள். அந்தப் பெண் பயந்துபோய் ரசத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டாள்.

குறைந்தால் வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, அதைக் குடித்து முடித்தேன்.