தியோடலைட் பெட்டி மூடு படலம்

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கரும்பலகையைத் தவிர வேறெதையும் நேர்நின்று பாராத நெடும்புகழாளரும், நில அளவையியலை இரு பாகமாக எழுதி அவற்றைத் தம் மாணவர் தலையிலேயே கட்டிய புலமைப் பெருங்கடலும், மண்படாக் காலணி மாவீரருமாகிய சிவில் துறைத் தலைவர் வாழ்க, வாழ்க. கோணம் அளக்கும் தியோடலைட்டை அதன் பெட்டிக்குள் திரும்ப வைக்க அவர் தொடுத்த பெரும்போரைச் சொல்லப் புகுந்தோம். கலைத்தெய்வம் நம் நாவில் வந்து அமராவிட்டாலும் பக்கத்திலாவது நிற்கட்டும்.

கல்லூரியின் தரம் காண வந்த ஆய்வுக் குழு மூவர், ஆய்வக வாசலில் முக்காலி மேல் கொலுவீற்றிருந்த கருவியைக் கண்டனர்; அதைச் சுற்றி மஞ்சள் தலைக்கவசம் அணிந்து, தொடாமல் நிற்குமாறு பணிக்கப்பட்ட இறுதியாண்டுச் சேனையையும் கண்டனர்; “களப்பயிற்சி மிகச் சிறப்பு” என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போயினர். இயக்கிக் காட்டச் சொல்லிவிட்டால் வம்பு; அவர்கள் திரும்பி வருமுன் கருவி பெட்டிக்குள்ளும் பெட்டி அலமாரிக்குள்ளும் போயாக வேண்டும்.

அப்போது சேனையின் முன்வரிசையில் நின்ற மாணவி வாய் திறந்தாள். “சார், நாலு வருஷமா கேக்கறேன். ஒரே ஒரு தடவை அதுல பாத்துக்கறேன். திங்கக்கிழமை சைட்ல சர்வே வேலைக்குச் சேரணும்.”

“நேரமில்லம்மா. ஒரு நிமிஷத்துல இதை உள்ள வச்சாகணும்” என்று முழங்கினார் தலைவர். அலமாரிச் சாவியோடு அருகில் வந்த ஆய்வக உதவியாளரையும், “நீங்க சும்மா இருங்க, எனக்குத் தெரியும்” என்று ஒதுக்கினார்.

தொடங்கிற்று போர். நிமிர்த்தி வைத்தார், மூடி கொட்டாவி விட்டது. படுக்க வைத்தார், தொலைநோக்கிக் குழல் வெளியே தலை நீட்டிற்று. தலைகீழாகக் கவிழ்த்தார், அடித்தட்டின் மூன்று திருகுகளும் கோட்டை மதிலேறிய மும்மறவர்போல் எழுந்து நின்று மூடியைத் தடுத்தன. வேர்வை ஆறாகப் பெருக, கழுத்துப்பட்டை தோள்வழியே முதுகுக்கு ஓடிப் பதுங்க, தாமியற்றிய இரண்டாம் பாகத்தை வரவழைத்துப் புரட்டினார் புலமைக் கடல். கருவியின் குறுக்குவெட்டுத் தோற்றம் அதில் அழகாக இருந்தது; பெட்டியின் படம் இல்லை. வெட்கமாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. இறுதியில் மூடிமேல் முழங்காலூன்றி, திசையெட்டும் கேட்கத் தீர்ப்புரைத்தார்: “இது இந்தப் பெட்டியே இல்ல. ஸ்டோர்ல மாத்திட்டாங்க.”

இவ்வாறு நாற்பது நிமிடம் கழிந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் வகுப்பு முழுவதும் ஆளுக்கொரு முறை குழலுக்குள் பார்த்து, எதிர்க் கட்டடத்தின் மூலையைக் குறிவைத்து, கோணமும் அளந்து முடித்திருக்கலாம். நினைக்கவே வயிறு எரிகிறது.

தாழ்வாரத்தில் குழுவின் காலடி கேட்டது. வெள்ளிதோறும் அக்கருவியை எடுத்துத் துடைத்து வைத்துவந்த உதவியாளர், அதற்குமேல் பொறுக்காமல் அருகே குனிந்தார்.

“குழலை நேரா மேல பாக்க வச்சு ஸ்க்ரூவ இறுக்குங்க சார். அந்த ரெண்டு சிவப்புப் புள்ளியும் ஒண்ணா வர்ற மாதிரி திருப்பி வைங்க. தானா உக்காந்துக்கும்.”

உட்கார்ந்துகொண்டது. மூடி விழுந்தது, பூட்டு விழுந்தது. வாகை சூடிய தலைவர், களப்பயிற்சியின் மேன்மை குறித்துக் குழுவினர்க்கு அரைமணி நேரம் உரையாற்றினார். சேனை தலைக்கவசங்களைக் கழற்றி எண்ணிக் கொடுத்துவிட்டுக் கலைந்தது.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்த அந்தப் பெண்ணுக்குக் கருவியைப் பெட்டியில் வைக்க மட்டும் தெரிந்திருந்தது.