சவுரிமுத்துவின் பூஜ்யங்கள்

சவுரிமுத்து மறுபடியும் பூஜ்யம் வாங்கியிருந்தார்.

பொழிச்சலூர் வாடகை அறையில், கம்ப்யூட்டர் முன்னால் யூனிஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். போனில் வரும் மோசடிகளில் சிக்காமல் இருக்க, வயதானவர்களுக்கு ஆன்லைனில் சொல்லித் தருவது அவள் வேலை. மாதக் கடைசிக்குள் அத்தனை பேரும் தேறினால்தான் வேலை நிலைக்கும். மற்றவர்கள் தேறிவிட்டார்கள். இந்த ஒரு ஆள்தான் பாக்கி.

மூளை எப்படி ஞாபகம் வைக்கிறது என்று ஆராய்ந்து செய்த பாடமாம். சரியாகப் பதில் சொன்னவரை அடுத்த வாரம் கேட்க வேண்டும். அப்போதும் சொன்னால் அடுத்த மாதம். தப்பாகச் சொன்னவரை மறுநாளே கூப்பிட வேண்டும். பெரிய கண்டுபிடிப்புதான். நன்றாகப் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். இருந்தவரையிலும் அவர்கள் கேமரா போட்டதில்லை. கறுப்புக் கட்டங்களைப் பார்த்தே யூனிஸ் பேசினாள், சிரித்தாள். பிறகு தனியாக உட்கார்ந்து சோறு தின்றாள்.

சவுரிமுத்து மட்டும் கேமரா போடுவார். பம்மலில் தோல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருப்பார்.

"அங்கிள், தெரியாத நம்பர்லேருந்து ஒருத்தர் கூப்பிட்டு அன்பா பேசினா என்ன செய்வீங்க?"

"நானும் அன்பா பேசுவேன். இந்தக் காலத்துல யாரும்மா கூப்புடுறா?"

"கட் பண்ணணும் அங்கிள்!"

"அப்படியா? மறந்து மறந்து பூடுது. நாளைக்குக் கேளு."

பாடம் நீளம் போலிருக்கிறது என்று வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டினாள். பூஜ்யம். எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் படமும் குரலும் மட்டும் வைத்தாள். "படம் ஷோக்கா கீது," என்றார். பூஜ்யம். கடைசியில் காலையிலும் மாலையிலும் கூப்பிட ஆரம்பித்தாள். அதுவரை ஓடிபி என்றால் என்னவென்று தெரிந்திருந்த மனிதர், "அது இன்னாமா, பஸ் நம்பரா?" என்று கேட்டார்.

மேலதிகாரி சுகுமார் போனில் கத்தினார். "நாலு பதில்ல ஒண்ணைத் தொடணும், அவ்ளோதானே? கண்ணை மூடிட்டுத் தொட்டாக்கூட ஒண்ணு ரெண்டு ரைட் ஆகுமே! நேர்ல போய்ப் பாருங்க. இன்னிக்கும் ஜீரோன்னா நீங்க வேற வேலை தேடிக்கோங்க."

ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மல் போனாள். சந்துக்குள் அவர் வீடு பூட்டியிருந்தது. பக்கத்துப் போர்ஷன் ரோஸி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சவுரிமுத்து அங்கிள் இல்லையாக்கா?"

"நீதான் அந்த டீச்சரா? சாயங்காலம் நீ கூப்புடுவேன்னு ஷேவிங் பண்ணிக்கப் போயிகிறாரு."

யூனிஸுக்கு அழுகையே வந்துவிட்டது. "அவருக்கு ஒண்ணுகூட மண்டையில ஏற மாட்டேங்குதுக்கா. அவரால என் வேலையே போயிடும் போலிருக்கு."

ரோஸி ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஏறலியா? இன்னாமா சொல்ற! தெனம் நீ கூப்புடறதுக்கு முன்னாடி ரைட் பதிலையெல்லாம் என்னாண்ட ஒண்ணு விடாம ஒப்பிச்சிட்டு, 'இதுல ஒண்ண தெரியாம தொட்டுட்டாலும் டீச்சரு அடுத்த வாரம்தான் கூப்புடும் ரோஸி'ன்னு சொல்லிகினுதானே உள்ள போவாரு!"